மின்சாரமும் நீதியும்

நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறும் காலம் முடிவுற வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. 2011இல் முதல் இயந்திரத்துடன் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் திறனை எட்டிய நுரைச்சோலை நிலையத்துக்கு வேண்டிய கரியில் ஒரு பிடியேனும் இந்நாட்டு மண்ணில் கிடைப்பதில்லை. அது கப்பலேறி வருகிறது. டொலரில் விலை கேட்கிறது. எரிபொருள் வாங்க டொலர் இல்லாத 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்ததை யார் மறப்பார்? கரித்தூளும் சாம்பலும் கற்பிட்டிக் கரையோர மக்களின் பங்காயின. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தை நீர், காற்று, கதிரவன் முதலியவற்றிலிருந்து பெறுவதென்பது அரசு அறிவித்த இலக்கு. நல்ல இலக்குத்தான்.

ஆனால், தூய்மையான மின்சாரம் தானாகவே நீதியான மின்சாரமாகிவிடுமா?

விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மலையகத்துக்குக் கரியற்ற மின்சாரம் புதிதன்று. பலாபத்வலவில் வாழும் நமக்கு உக்குவெல அயலூர். பொல்கொல்லவில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து 1976 முதல் அங்கே மின்சாரமாகிறது. அதற்கு முன்னரே, பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான திட்டம் 1950இல் ஒளி தரத் தொடங்கியது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் அம்மலைகளில் கொழுந்து பறித்த மக்களை நாடற்றவராக்கியிருந்தது. கம்பிகள் அவர்களின் தலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கி ஓடின. லயன் காம்பிராக்களிலோ பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரே மூழ்கிற்று. வறட்சி வந்து நீர் வற்றினால் அதன் கோயில் இன்றும் தலைகாட்டும். அந்த மின்சாரத்தில் புகை இல்லை, கரி இல்லை. நீதி இருந்ததா?

அவ்வினாவோடு சம்பூரைப் பார்ப்போம். 2006இல் யுத்தம் மூதூர் கிழக்கின் மக்களைத் துரத்தியது. வெறுமையாக்கப்பட்ட அம்மண்ணில் இந்திய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி நிலையமொன்றை அமைக்கத் திட்டமிட்டன. முகாம்களில் ஆண்டுகளைக் கழித்த மக்களுக்கு 2015இல் காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2016இல் கரித்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. கரி போய்க் கதிரவன் வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆயினும், உழவனில்லாத வேளையில் அவனது மண்ணின் எதிர்காலத்தைப் பிறர் தீர்மானித்தனரே, அத்தவறு எரிபொருளை மாற்றியதால் கழுவப்பட்டுவிடுமா?

“முதலில் கரியை ஒழிப்போம், நீதியைப் பிறகு பார்ப்போம். வானம் நமக்காகக் காத்திருக்குமா?” என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்களுடைய அவசரம் பொய்யன்று. ஆனால் லக்சபானவிலும் இந்தப் ‘பிறகு’ சொல்லப்பட்டது. தவிரவும், நீதியை ஒத்திவைத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பதும் உண்மையன்று. மன்னார்த் தீவில் 2020இல் ‘தம்பபவனி’யின் முப்பது காற்றாலைகள் எழுந்தன. மீன்பிடி கெட்டது, வெள்ளம் வடியவில்லை என்று மக்கள் முறையிட்டனர், செவிசாய்ப்பார் இல்லை. 2025இல் புதிய காற்றாலைகள் வந்தபோது அவர்கள் வீதியில் இறங்கினர். கேளாத செவியே அங்கே தாமதத்தை உண்டாக்கியது.

பசுமைத் தொழில்கள் வரும் என்கிறார்கள். எவருக்கு? ஜேர்மனி 2038க்குள் நிலக்கரியைக் கைவிடுவதென 2020இல் சட்டம் இயற்றியபோது, சுரங்கப் பிரதேசங்களின் மறுவாழ்வுக்கு 40 பில்லியன் யூரோ வரை வழங்க உடன்பட்டது. அங்கே தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது, வாக்கு இருந்தது, குரல் இருந்தது. இங்கோ சூரியத் தகடுகளைப் பதித்து முடிந்தபின் காவலுக்கும் தூசு துடைக்கவும் ஒரு சிலர் போதும். நுட்பம் அறிந்தவனுக்கே நிலையான வேலை. அந்நுட்பத்தைத் தமிழ் மொழியில், தோட்டப் பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைக்குக் கற்பிக்க ஏற்பாடு உண்டா என்று ஆசிரியர்களாகிய நாமே கேட்க வேண்டும்.

கூரையின் கதையும் ஒன்றுண்டு. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ தொடங்கியது முதல், வீட்டுக் கூரையில் தகடு பதித்தவர் மிகுதி மின்சாரத்தை விற்றுப் பணம் பெறுகிறார். அவருக்குச் சொந்தக் கூரை இருக்கிறது. லயனின் தகரக் கூரையோ அதன்கீழ்த் தலைமுறை தலைமுறையாக வாழ்பவருடையதன்று. லயனை ஒழிக்க வேண்டுமேயன்றி அதற்குத் தகடு பூட்டி அழகு பார்க்கலாகாது என்போர் கூற்றில் நியாயம் உண்டு. காணியும் தனிவீடும் கிடைத்த குடும்பங்கள் சில, கிடைக்காதவை பல. அவை கிடைக்கும்வரை, பல குடும்பங்களுக்குப் பொதுவாக நீண்டு கிடக்கும் அக்கூரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் தகடு பதித்தால் என்ன? தோட்டங்களின் நிருவாகம் 1992இல் கம்பனிகளிடம் கைமாறியபோதும் பெரும்பாலான நிலம் அரசினுடையதாகவே இருக்கிறது. குத்தகை ஒப்பந்தத்தில் அதற்கொரு வாசகம் சேர்க்க அரசுக்கு எந்த வெளிநாட்டுக் கடனும் வேண்டியதில்லை.