உப்பை விட்டு எழும் நீர்

கிணறு வெட்டியவனுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரும் சொந்தமா? விளாத்திகுளம் போன்ற கரிசல் சீமையில் இது வெறும் வாதத்துக்கான கேள்வி அல்ல. ஆனி, ஆடி மாத மேகங்கள் மேற்கு மலையிலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடும். இங்கே காற்றுதான் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால்தான் கண்மாய் பெருகும், வைப்பாற்றில் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் ஆறு மணலாகவே கிடக்கும். ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரிந்த இந்த மண்ணில், அக்கேள்விக்குத் தர்மப்படி விடை சொல்லியாக வேண்டும்.

அந்த விடையை நீரின் நடையிலேயே காணலாம். வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பளங்களில் உப்பு நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விடுகிறார்கள். நாள் ஆக ஆக நீர் ஆவியாகிப் போகிறது. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மேலே எழும் ஆவி அதில் ஒரு கல்லைக்கூடத் தூக்கிச் செல்வதில்லை. கடலிலும் இதுவேதான் நடக்கிறது. வங்கக்கடலில் எழும் ஆவி மேலே குளிர்ந்து மேகமாகிறது. மேகம் துளியாகிக் கரிசலில் விழுகிறது. அந்த மழை இனிப்பது, நீர் தன் பாரத்தைக் கடலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்ததால்தான்.

நீர் வாங்கும் கடனும் நேர்மையான கடன். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 1 கலோரி வெப்பம் போதும். அதுவே ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். மண்பானையில் கசியும் நீர் அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஆவி மறுபடியும் துளியாகும்போது, எடுத்த வெப்பம் முழுவதையும் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கட்டியாய் உறைந்தாலும், நீராய் ஓடினாலும், ஆவியாய் மறைந்தாலும் பொருள் ஒன்றே. வடிவம் மாறும்; எந்த வடிவமும் நிலையாக நிற்பதில்லை. இன்று கிணற்றில் கிடப்பது நேற்று மேகம். நாளை அது யாருடைய வயலிலோ மழை.

இப்படி வந்து போகும் ஒன்றை "என்னுடையது" என்று எப்படிச் சொல்வது? "கடன் வாங்கிக் கிணறு வெட்டினேன், மோட்டார் வைத்தேன், கரண்ட் பில் கட்டுகிறேன்" என்பான் கிணற்றுக்காரன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவன் உழைப்பு அவனுக்குச் சொந்தம்; செலவுக்கு ஈடு கேட்பது பாவம் ஆகாது. ஆனால் அவன் வெட்டியது குழியைத்தான். நீரை அவன் உண்டாக்கவில்லை. ஆகவே கிணறு அவனது உடைமை, நீர் அவனிடம் வந்த அடைக்கலம். அடைக்கலப் பொருளை அளவோடு பயன்படுத்தலாம். தாகத்தோடு வந்தவனுக்கு இல்லை என்று மறைக்கலாகாது.

அளவு மீறினால் பதிலும் உடனே கிடைக்கும். கடலோர நிலத்தடியில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே உள்ளதை ஓயாமல் இறைத்தால் கீழே உள்ள உப்பு நீர் ஏறிவரும். அப்போது பேராசைக்காரன் கிணறு மட்டுமல்ல, பக்கத்து ஏழையின் கிணறும் சேர்ந்து கரிக்கும். ஒருவன் பிழைக்கு ஊரே தண்டனை பெறும்.

இதைவிடக் கொடியது, நீருக்குச் சாதி பார்ப்பது. திருவிதாங்கூர் அரசில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றை நெருங்கவும் தடை இருந்தது. கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்தருளிய அய்யா, சாமிதோப்பில் முத்திரிக்கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக்கினார். ஒரே கிணற்று நீரில் எல்லோரும் குளித்தார்கள், எல்லோரும் குடித்தார்கள். இன்றும் பதிக்கு வருவோர் முதலில் அங்கே நீராடி, அந்நீரைப் பருகிய பிறகே உள்ளே செல்கிறார்கள். உப்பையே விட்டுவிட்டு வந்த நீரின் மேல் மனிதன் ஏற்றிய தீட்டை அய்யா அங்கே இறக்கி வைத்தார். தீட்டு இருந்தது நீரில் அல்ல. கலி பிடித்த மனத்தில்.

ஆகவே, அன்புக்கொடி மக்களே, கோடையில் வாசலில் ஒரு பானை தண்ணீர் வைத்தால் அதைத் தானம் என்று எண்ண வேண்டாம். அது பெற்றதைத் திருப்பிக் கொடுப்பது. வானத்துத் துளி நாள்தோறும் செய்கிற வேலை. கேட்டு வருகிறவரிடம் யார், எந்தத் தெரு என்று விசாரிக்க வேண்டாம். தாகம் ஒன்றே போதும். "நான்", "எனது" என்னும் உப்பைப் பாத்தியிலே விட்டுவிட்டு எழுகிற மனம் மேகம் போல் இலேசாகும். அது விழும் இடமெல்லாம் குளிரும்.

அய்யா உண்டு