மடிக்கணினிக்கு ஒரு ஜீர்ணோத்தாரணம்

நார்த்தாமலையின் மேலமலையில் நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். அதன் வாயிற்காவலர் சிலையடியில் சிறிய கல்வெட்டு ஒன்று உண்டு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்துபோனது, அதை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதிரையன் புதுக்கினான் என்பது அதன் செய்தி. கட்டியவன் பெயருக்கும் புதுக்கியவன் பெயருக்கும் நடுவில் பழுதின் காரணம் உட்கார்ந்திருக்கிறது. மழை இடிக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது பெயருக்கு அந்தக் கல்லில் இடமே இருந்திராது. புதுக்கியவனும் முதலில் கட்டியவனை மறைக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரைச் சொல்கிறான்.

நார்த்தாமலை இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று பள்ளி ஆசிரியரும், தணிக்கையாளர் அலுவலகத்துக் கணக்கரும், இ-சேவை மையம் நடத்துபவரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வேலைக்கு வைத்திருந்த மடிக்கணினி ஏழெட்டு வருடம் ஓடித் தளர்ந்துவிட்டது, இனி எதை வாங்குவது? பேச்சு உடனே பிராசசர் எந்தத் தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி, எந்த கம்பெனி என்று போய்விடும். சமயத்துக்கும் தத்துவத்துக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றலாம். எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதில் அறம் அதிகம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில் அது ஏறக்குறைய முழுவதுமாக இருக்கிறது. புதுக்கோட்டைக் கீழராஜவீதிக் கடைகள் சொல்லித்தரும் வரிசை ஒன்று: முதலில் புதியது கண்ணில் படும், அதைப் பார்த்த கண்ணுக்குப் பழையது குறையுள்ளதாகத் தெரியும், வாங்கி வந்தபின் பழையது பரணில் ஏறும். கோயில் மரபு காத்துவரும் வரிசை இதற்கு நேர்த் தலைகீழ்.

ஆகமங்களும் சிற்ப நூல்களும் ஜீர்ணோத்தாரணம் என்று விரிவாகப் பேசும் சடங்கு, பழுதடைந்த திருமேனியையோ கோயிலையோ புதுப்பிப்பது பற்றியது. அதில் முதல் வேலை பழுதைப் பார்ப்பது. எந்த உறுப்பில் சேதம், அது சீர்செய்யக்கூடியதா, மாற்றியே ஆகவேண்டியதா என்று தரம் பிரிப்பார்கள். பழமை மட்டுமே குறை ஆகாது. ஆயிரம் வருடத்துச் சிலை ஆயிரம் வருடமாகிவிட்டது என்பதற்காக நீக்கப்படுவதில்லை. அடுத்து, மூலத்திருமேனியில் உறையும் ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகச் சன்னிதியான பாலாலயத்தில் வைத்துப் பூசையை இடைவிடாமல் நடத்துவார்கள். புதிதாக அமைவது பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், தாழக் கூடாது. கடைசியாக, நீக்கிய பழையதற்கும் விதி உண்டு: கல் ஆழ்நீரில் சேரும், மரம் தீயில் சேரும், உலோகம் உருக்கப்பட்டு மறுபடி பயன்படும். பழையதன் முடிவும் சடங்கின் ஓர் அங்கம். அது முடியாமல் சடங்கு முடிந்ததாகாது.

ஒரு விக்கிரகத்தையும் கடையில் வாங்கிய கருவியையும் ஒரே தராசில் வைப்பது அபசாரம் அல்லவா என்று பக்தர் கேட்கலாம். வெறும் அலங்காரப் பேச்சு என்று பக்தி இல்லாதவர் சொல்லலாம். ஆயுத பூசையன்று மடிக்கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் ஊரில் முதல் ஆட்சேபம் அவ்வளவு வலுவானதில்லை. இரண்டாமவருக்கு வேறு பதில். நான் கடன் வாங்குவது புனிதத்தை அல்ல, நடைமுறையை. விலைமதிப்பற்ற ஒன்றை மாற்றும்போது மனிதர் அவசரப்படாமல் இருக்கக் கண்டுபிடித்த வரிசை, விலையுள்ள ஒன்றுக்கும் பொருந்தாமல் போக என்ன காரணம்? இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: திருப்பணி என்ற பெயரில் கோயில்களே மணல்வீச்சால் கல்வெட்டுகளைத் தேய்த்து அழித்திருக்கின்றனவே, அந்த மரபா நமக்குப் பாடம்? உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது, பழுது என்ன என்று கேட்காமலே பளபளப்பிலிருந்து தொடங்கியது. கடைவீதியின் வரிசை கோயிலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மடிக்கணினியின் பழுதைப் பார்ப்பது எப்படி? பெரும்பாலும் அது ஒன்றிரண்டு உறுப்புகளில்தான் இருக்கும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழக்கத் தொடங்குவது அதன் இயல்பு. அது இயந்திரத்தின் முதுமை ஆகாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி வைத்து, ரேம் கூட்டினால், கழித்துவிடலாம் என்று முடிவுகட்டிய பல இயந்திரங்கள் எழுந்து நடக்கும். மதர்போர்டு போய்விட்டால் கதை வேறு, மாற்றத்தான் வேண்டும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில உமிழ்வில் பெரும்பங்கு, அது நம் மேசைக்கு வருமுன்பே, சுரங்கத்திலும் ஆலையிலும் உண்டாகிவிடுகிறது. ஆகவே பழையதை இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டுவது, மின்சாரம் குறைவாகத் தின்னும் புதியதை வாங்குவதைவிடப் பல சமயம் பெரிய சிக்கனம்.

உடம்பில் குறையே இல்லாத இயந்திரத்தை இன்னொருவர் பழுது என்று அறிவித்துவிட்டால்? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. இது சந்தை கற்பித்த பழுதுதானே என்று தள்ளிவிட மனம் வரும். எனக்கு அது முழு நேர்மையாகப் படவில்லை. மாணவர் விவரங்களையோ பிறர் வரிக் கணக்கையோ வைத்திருப்பவரின் கணினியில் பாதுகாப்பு ஓட்டை திறந்து கிடந்தால் நட்டம் அவருக்கு மட்டும் இல்லை. ஆக இது பழுதுதான். ஆனால் உடல் சாகாத பழுது. லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது இதற்கு மருந்து. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்த்தே கொடுத்தார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை என்பது வேறு விஷயம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளையே நம்பித் தொழில் செய்பவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர் புதியது வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஏனென்றால் அவர் பழுதைப் பார்த்துவிட்டார்.

வாங்குவதென்று ஆனபின் எவ்வளவு? இங்கே ஆகமத்தைவிட இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் உதவும். அங்குள்ள ஏழடிப்பட்டத்துக் குகையில் கல்லையே தேய்த்துப் படுக்கையாக்கிக் கொண்ட சமண முனிவர்கள் கையில் எதையுமே வைத்திருக்கக் கூடாதவர்கள் என்று நினைப்பது பாதி உண்மை. திகம்பரத் துறவிக்கும் மயிற்பீலி உண்டு, கமண்டலம் உண்டு, ஓதுவதற்கு நூலும் அனுமதி. அறிவுக்கான கருவி உடைமையாகக் கருதப்படவில்லை. உமாசுவாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் உடைமை என்பதைப் பொருளில் வைக்காமல் அதன்மேல் கொள்ளும் மயக்கத்தில் வைக்கிறது. இல்லறத்தார்க்கோ, தமிழ்ச் சமணம் மிகுபொருள் விரும்பாமை என்று சொல்லும் நோன்பு, இவ்வளவு போதும் என்ற வரையறையைத் தானே முன்கூட்டி விதித்துக்கொள்வது. அந்த முன்கூட்டி என்பதில்தான் அதன் சூட்சுமம். கடைக்குப் போவதற்கு முன் வேலைக்கு என்ன வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டவரையும், கடையில் நின்று யோசிப்பவரையும் விற்பனையாளர் ஒரே மாதிரி நடத்த முடியாது.

போதும் என்ற உபதேசம் எப்போதும் இல்லாதவன் தலையிலேயே விடிகிறது என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்கு இந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களுக்கு அது ஆசைப்பொருள், சந்தேகமில்லை; அந்த ஆசையைக் குறை சொல்ல எந்த நோன்புக்கும் உரிமை இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்தை மட்டும் பாருங்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். இருக்கையிலிருந்து கைப்பிடிக்கு ஓடும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். சுமக்க வேண்டியது என்ன என்று பார்த்து வாங்கினார்கள், யாருக்கென்று பெயரிட்டு விற்றார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. மடிக்கணினியில் அந்தப் பார் எது? கழற்றி மாட்டக்கூடிய ரேம், திருகாணி அவிழ்த்தால் வெளியே வரும் பேட்டரி, உள்ளூர் சர்வீஸ் கடையில் கிடைக்கும் உதிரிபாகம். மெல்லிய, அழகிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அடுத்த ஜீர்ணோத்தாரணத்துக்கான வழியை வாங்கும் நாளிலேயே அடைத்துவிட்ட பொருள் அது. எவ்வளவு வேகமாக இருந்தாலும் நான் அதைத் தாழ்ந்த பொருள் என்றே கணக்கிடுவேன். பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினி விற்பவர், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. இங்கே நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மிச்சம், பழையது. 2022இல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு என்கிறது ஐ.நா. அமைப்புகள் பங்கேற்று வெளியிட்ட அறிக்கை. யாராவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடோபநிடதம் தொடங்குவதே இப்படி ஒரு தானத்தில்தான்: இனித் தண்ணீர் குடிக்கவும் புல் மேயவும் கன்று ஈனவும் மாட்டாத பசுக்களை வேள்வித் தட்சிணையாக அப்பா கொடுப்பதைப் பார்த்துத்தான் நசிகேதன் கேள்வி கேட்கத் தொடங்குகிறான். பேட்டரி செத்து, மூட்டு உடைந்து, ஆதரவும் நின்றுபோன கணினியை அண்ணன் மகளுக்குக் கொடுப்பவர் அந்தப் பசுவைத்தான் ஓட்டிவிடுகிறார். கொடுப்பதென்றால் பேட்டரியை மாற்றி, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றி, தன் கோப்புகளை முழுக்க அழித்துவிட்டுக் கொடுக்கலாம். அதற்கும் தகாத நிலையென்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்கீழ்ப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது, உலோகத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தச் சொன்ன விதிக்கு மிக அருகில் வருகிறது. அதுவரை, உப்பிய பேட்டரியோடு பரணில் மட்டும் ஏற்றக் கூடாது, அது தீப்பிடிக்கலாம்.