உயிர்ப்பும் உயிரும்

இரசாயனம் பயிலும் மாணாக்கர் உயர்வகுப்பை அடைந்தவுடன் நம்மிடம் கொண்டுவரும் வினா ஒன்றுண்டு. "உடம்பின் சூடும் அசைவும் வளர்ச்சியும் கலங்களுள் நிகழும் இரசாயன மாற்றங்களே என்று புத்தகம் கூறுகின்றது. ஆயின், உயிரென வேறொன்று எதற்கு?" என்பதே அது. இதனைக் கேட்ட பெரியோர் சிலர், நாத்திகம் பேசாதே எனச் சினந்து வாயடக்குவர். வேறு சிலர், மேனாட்டார் கற்பனை என நகைத்து அப்பாற் போவர். சினமும் நகையும் விடையாகா. வாயடக்கப்பட்ட பிள்ளை வினாவை விட்டுவிடுவதில்லை. நம்மிடம் வினாவுதலையே விட்டுவிடுகின்றது. ஆதலின், புத்தகம் கூறுவது யாதென முன்னர் நன்கறிந்து, அதன்பின் விடை காண முயல்வாம்.

உடம்பினுள் ஒரு தீ உண்டென்பது நம்மனோர்க்குப் புதிதன்று. பசியை வயிற்றுத்தீ என்றே வழங்குகின்றோம். அத்தீயை அளந்து காட்டியவர் பிரெஞ்சு தேசத்து இலவோசியர். அவரும் இலாப்பிளாசு என்பவரும் 1782–83ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரமொன்றில் கினிப்பன்றி ஒன்றை வைத்து, அதன் உடற்சூட்டால் உருகி வடிந்த நீரை நிறுத்தனர். அப்பிராணி வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவையும் அளந்தனர். அவ்வளவு வாயு உண்டாகும்படி கரியை எரிப்பின் எழுஞ்சூடு எவ்வளவெனக் கண்டு ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. சுவாசமென்பது சுடரில்லாததோர் எரிவே எனத் துணிந்தனர்.

எரிவெனினும் அஃது அடுப்பெரிவு அன்று. 180 கிராம் குளுக்கோசை நெருப்பிலிடின் ஏறத்தாழ 2,800 கிலோயூல் சக்தி ஒருங்கே சூடாகிக் கழியும். கலத்தினுள்ளோ, அதே குளுக்கோசு நொதியங்களாற் படிப்படியாகச் சிதைக்கப்படுகின்றது. அதினின்று பெறப்படும் இலத்திரன்கள் இழைமணி என்னும் நுண்ணுறுப்பின் உள்மென்சவ்வில், ஒன்றன்கையினின்று ஒன்றன்கைக்கு மாறி, ஈற்றில் ஒட்சிசனைச் சேர்ந்து நீராகின்றன. அவை இறங்கிவருங்கால் வெளிப்படும் சக்தி, புரோத்தன்களைச் சவ்வின் ஒருபுறத்தே தள்ளித் தேக்குகின்றது. குளத்திலே தேங்கிய நீர் மதகு வழியாகப் பாயுமாறு, தேங்கிய புரோத்தன்கள் சவ்விற் பதிந்துள்ள மிகச்சிறு சில்லொன்றின் வழியே மீளுகின்றன. அச்சில்லு சுழலுந்தோறும் அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருள் ஆக்கப்படுகின்றது. இப்பொருளை 1929இல் ஜெர்மனியிற் கண்டறிந்தவர் கார்ல் உலோமன். புரோத்தன் தேக்கத்தை 1961இல் எடுத்துரைத்தவர் ஆங்கிலேயரான பீற்றர் மிச்செல். அக்காலத்து அறிஞர் பலர் அவர் கொள்கையை ஏற்றிலர். 1978இல் அதற்கே நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம் முப்பொசுபேற்றைக் கலத்தின் சில்லறைக் காசு எனலாம். பெருந்தாளைக் கொண்டு சந்தையிற் கீரை வாங்குதல் அரிதாதல்போல, குளுக்கோசின் முழுச்சக்தியும் ஒரு சிறு தசைநாரின் அசைவுக்கு உதவாது. ஆதலின் அது முப்பதளவான சிறு காசுகளாக மாற்றப்படுகின்றது. எஞ்சியது சூடாகி உடம்பை வெதுவெதுப்பாக வைத்திருக்கின்றது. எந்நேரமும் உடம்பிலிருக்கும் முப்பொசுபேற்று மிகச் சொற்பமே. ஆயினும், செலவாகியும் மீண்டும் ஆக்கப்பட்டும் ஒரு நாளிற் கைமாறுவது ஏறத்தாழ உடம்பின் நிறையளவு வரும் எனக் கணக்கிட்டோர் கூறுவர்.

நம்மூர்ப் பனையிலும் இதன் ஒரு கூறு காணப்படும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் வடிந்த சாறு கருப்பநீராக நிற்கின்றது. தடவாத முட்டியிலே அதே சாறு கள்ளாகின்றது. சுண்ணாம்பில்லாவிடத்து மதுவம் என்னும் நுண்ணுயிர் பெருகிச் சர்க்கரையை அற்ககோலாக்குதலே காரணம். ஒட்சிசனின்றி அது செய்யும் இவ்வரைகுறைத் தொழிலால் ஒரு குளுக்கோசினின்று அதற்குக் கிடைப்பன இரண்டு காசுகளே. பெரும்பகுதிச் சக்தி அற்ககோலிலேயே தங்கிவிடுகின்றது. அற்ககோல் தீப்பற்றுவதும் அதனாலேயாம்.

இந் நொதித்தல் குறித்து ஐரோப்பாவில் எழுந்த வழக்கு நமக்குப் பெரிதும் பயன்படும். மதுவம் உயிரோடிருந்தாலன்றி நொதித்தல் நிகழாதென்பது பாஸ்ரரின் துணிபு. பாஸ்ரர் சிறியரல்லர். எனினும் 1897இல் எடுவாட் புக்னர் என்பார் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, முழுக்கலம் ஒன்றேனும் இல்லாத அச்சாற்றினைச் சர்க்கரையோடு சேர்த்தபோது, அது நுரைத்து அற்ககோலாயிற்று. அதன் முன்னரே, 1828இல், உயிருடம்பிலேயே பிறக்குமெனப்பட்ட யூரியாவை ஊலர் என்பார் பிராணியின் உதவியின்றி ஆக்கியிருந்தார். இரசாயனம் இன்னும் விளக்காத இடமே உயிரின் இருப்பிடம் என்று வாதித்தோர், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வோர் அறையை இழந்து பின்வாங்கினர். நம்மவருள்ளும் இவ்வாறு வாதிப்போர் உளர். ஆய்வுசாலையில் ஒருவர் பூட்டைத் திறந்தவுடன் ஓடிப்போகும் உயிரை வைத்துப் பிள்ளைகளுக்குச் சமயம் புகட்டுவது, மணலில் அத்திவாரமிடுவதாகும்.

ஆயின் மாணாக்கன் கூற்றே மெய்யோ எனின், அன்று. அவன் உயிர்ப்பையும் உயிரையும் ஒன்றாக மயங்குகின்றான். தமிழ்ச் சொற்களின் ஒப்புமையும் அம்மயக்கத்துக்கு ஓரளவு துணை. உயிர்ப்பாவது மூச்சு, அதன் தொழில் மேலே கூறிய எரிவு. நாம் உயிர் என்பது அறிவதும் விழைவதும் செய்வதும் ஆகிய ஒன்றை. சயனைட்டு என்னும் நஞ்சை உண்டவன் இறப்பது ஏன்? குருதியில் ஒட்சிசன் இருந்தும், இலத்திரனை அதற்குக் கொடுக்கும் இறுதி நொதியத்தை நஞ்சு பிணிக்கின்றது, தேக்கம் வற்றுகின்றது, காசு ஒழிகின்றது. இவ்வளவும் இரசாயனம் ஐயமறக் கூறும். விளக்கை அணைத்தது யாதெனக் காட்டியவர், அவ்விளக்கொளியில் ஏடு வாசித்திருந்தவன் இல்லை எனக் காட்டினாரல்லர்.

"கள்ளுண்டவன் மதி கெடுகின்றதே, அறிபவனும் இரசாயனத்துக்கு உட்பட்டவனன்றோ?" என அவன் மேலும் தடுப்பான். நல்ல தடை. மனத்தைச் சடமன்று எனக் கொண்ட மதத்தவர்க்கே இது பேரிடர். சைவசித்தாந்த ஆசிரியர்கள் மனம், புத்தி முதலியவற்றையும் மாயையின் காரியமாகிய கருவிகள் என்றே வகுத்தனர். கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் பார்ப்பவனுக்குக் காட்சி மங்கும். அதனால் பார்ப்பவனே கண்ணாடி ஆகான்.

வேறொன்றும் எண்ணுக. பிறன் பொருளைக் கவரும் கைக்கும், பசித்தோனுக்குச் சோறிடும் கைக்கும், ஒரே நாரே சுருங்குகின்றது. ஒரே முப்பொசுபேற்றே செலவாகின்றது. இரசாயனப் பேரேட்டில் இரண்டும் ஒரே தொகை. நன்மை தீமை என்னும் வேறுபாடு அப்பேரேட்டில் இல்லை. ஆகவே அவ்வேறுபாடே பொய் என்றாதல், வேறொரு பேரேடு உண்டென்றாதல் கொள்ளவேண்டும். முன்னதைக் கொள்வேன் என்பான், தன் பணப்பையைத் திருடியவன்மேல் முறைப்பாடு செய்தல் ஆகாது. அன்றியும், "எல்லாம் இரசாயனமே" என்னும் தன் கூற்றினை அவன் மெய்யென நம்பும்படி நம்மைக் கேட்கின்றான். இரசாயன மாற்றம் விரைவாக நிகழும், தாமதமாக நிகழும். மெய்யாக நிகழ்வதும் பொய்யாக நிகழ்வதும் அதற்கில்லை. மெய்யென ஒன்றைப் பற்றி நிற்கும் அவன் நிலையே அவன் கூற்றுக்கு மறுப்பாகின்றது. இதனால் உயிர் நித்தியமென்றோ மறுபிறப்பு உண்டென்றோ நாட்டினோம் என்பதன்று. அவை வேறு பிரமாணங்களால் ஆராயற்பாலன. இரசாயனம் அவற்றுக்கு வழிமறிக்கவில்லை என்பதே ஈண்டு வேண்டியது.

இனி, நம்மவர்க்கும் கூறவேண்டியது உண்டு. உடம்பு பொய், அதன் கணக்கு நமக்கெதற்கு என்று மேடையிற் பேசுதல் எளிது. மனிதனுடைய மூளை உடல் நிறையில் ஐம்பதிலொரு பங்கேயாயினும், ஓய்ந்திருக்கும் உடம்பு செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தானே கொள்கின்றது. அதனிடம் சேமிப்பும் மிகச் சொற்பம். குருதி கொண்டுவருவதையே நம்பியிருக்கின்றது. கருவி இன்றி உயிர் அறியமாட்டாதெனப் போதிக்கும் நாமே, காலையில் வெறுந்தேநீரோடு வந்த பிள்ளை தேவாரம் மனனஞ் செய்யவில்லை என்று பிரம்பை எடுத்தல் எவ்வாறு பொருந்தும்? அப்பிள்ளையிடம் முதற்கண் கேட்கவேண்டியது பாட்டன்று. இன்று என்ன உண்டாய் என்பதே. விடை சொல்லாது நிலத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேரென்பது முதற்பாடவேளை எடுக்கும் ஆசிரியர் எல்லார்க்கும் தெரியும்.