குரல் தேங்கும் இடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பிப் பல்லாயிரம் பேர் வீட்டைத் தொலைவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பெண்கள் இருக்கிறார்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் வீட்டுக்குப் பேச வேண்டும். அறையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வைஃபை, அல்லது ஒருவர் போனிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஹாட்ஸ்பாட். பேச்சு போய்ச் சேர்கிறது, ஆனால் சில நேரம் ஒரு முழு நொடி தாமதமாக. இதை ஒரு சின்ன அசௌகரியம் என்று ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

தாமதத்துக்குத் தூரத்தைக் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரகடத்திலிருந்து பாட்னாவுக்கு கேபிள் 2,500 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் 13 மில்லி நொடிக்குள் கடந்துவிடும். குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்கும் ஓபஸ் முறை 2012 முதல் பொதுத் தரமாக இருக்கிறது. அந்த வேலையும் 30 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது. வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி நொடிக்குள் போய்ச் சேர்ந்தால் பேச்சுக்குக் குறைவில்லை, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அப்படியானால் நம் அறைகளில் காணாமல் போகும் அந்த முழு நொடி எங்கே கிடக்கிறது?

பெரும்பாலும் அறையிலேயே, சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரில். வெளியே போக வேண்டிய தகவல் அதிகமானால் ரவுட்டர் அதைத் தூக்கி எறிவதில்லை, வரிசையில் (பஃபரில்) நிறுத்திவைக்கிறது. அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ், வரிசைக்கு ஒதுக்கிய இடம் 256 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். வரிசை நிரம்பினால் அது காலியாக ஒரு நொடி ஆகும். தோழி ஒருத்தி கல்யாண வீடியோவை ஏற்றத் தொடங்கியதும் வரிசை நிரம்பிவிடும். பக்கத்துக் கட்டிலில் பேசுபவளின் ஒவ்வொரு சொல்லும் அந்த வீடியோவின் வாலில் நின்றுதான் வெளியேற வேண்டும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இந்த நோயைக் கண்டறிந்தார். 2010-ஐ ஒட்டி ‘பஃபர்புளோட்’ என்ற பெயரில் அதை உலகறியச் செய்தார்.

கார் ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். தேவையான பாகம் தேவையான நேரத்துக்கு வர வேண்டும், கிடங்கில் குவியக் கூடாது என்று டொயோட்டாவில் டைச்சி ஓனோ வகுத்த முறை இன்று கார் தொழிலின் பாலபாடம். சரக்கு குவிந்தால் பழுது மறைந்துகொள்ளும் என்பது லைனில் நிற்பவர்களுக்குத் தெரியும். குரலுக்கும் அதே விதிதான். சிக்னல் பலவீனம், நெரிசல் ஆகிய பழுதுகளைச் சரிசெய்யாமல் பஃபரை மட்டும் பெரிதாக்கினால் சத்தம் அறுபடாது, ஆனால் உரையாடல் செத்துவிடும்.

மருந்தும் கையில் இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் 2012-ல் ‘கோடெல்’ என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு தகவல் பொட்டலமும் எத்தனை நேரம் காத்திருந்தது என்பதை அது பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி நொடிக்கு மேல் நீடித்துக்கொண்டே போனால், சிலவற்றை விட்டுவிட்டு அனுப்புபவரை நிதானிக்கச் சொல்கிறது. இதன் வளர்ந்த வடிவம் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற இலவச ரவுட்டர் மென்பொருளில் கிடைக்கிறது. அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து வைத்தால் வரிசை நம் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

எவ்வளவு தாமதம் என்பதை யாரும் அளக்கலாம். ஒரு போனிலிருந்து பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு இணைய அழைப்பு போடுங்கள். கேட்கும் போனின் மைக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூச்சலிடும். மூன்றாவது போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒருமுறை கைதட்டுங்கள். பதிவில் இரண்டு முகடுகள் தெரியும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் தாமதம். பிறகு ப்ளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டு ஒருமுறை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி ஒருமுறை, யாராவது வீடியோ ஏற்றும்போது ஒருமுறை தட்டிப் பாருங்கள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பாட்டுக்கும் கிரிக்கெட் வர்ணனைக்கும் சில நொடிகள் பிந்தினால் பெரிய நஷ்டமில்லை. இருவர் பேசும் பேச்சு அப்படியல்ல.

ஏனென்றால் தாமதத்தின் பழி இணைப்பின் மேல் விழுவதில்லை. “உடம்பு நல்லா இருக்கா?” என்று அம்மா கேட்கிறார். “நல்லா இருக்கேம்மா” என்று மகள் உடனே சொல்கிறாள். அம்மாவுக்கு அது ஒரு நொடி கழித்துக் கேட்கிறது. அந்த ஒரு நொடியில் அவர் தயக்கத்தைக் கேட்கிறார். எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கிறார். “என்னடி ஆச்சு?” என்று அவர் கேட்பதும் மகள் அடுத்த பேச்சைத் தொடங்குவதும் மோதிக்கொள்கின்றன. ஷோனன்பெர்க்கும் அவருடைய ஆய்வாளர் நண்பர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இணைப்பில் தாமதம் கூடும்போது, எதிரில் பேசுபவரின் கவனமும் ஈடுபாடும் குறைந்துவிட்டதாகக் கேட்பவர் எடைபோடுகிறார். இயந்திரத்தின் குறை மனிதரின் குணமாகப் பதிவாகிறது.

2021 டிசம்பரில் இந்த வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்த இரவில் மகளின் குரலுக்காகக் காத்திருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். “நான் நல்லா இருக்கேன்” என்ற சொல் தயங்காமல் காதில் விழுவது அப்படிப்பட்ட நேரத்தில் வசதியல்ல, அத்தியாவசியம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அறைக்கு 6 பேர். இப்படிப்பட்ட கட்டடங்கள் இன்னும் பல வர வேண்டும், வரும். அவற்றுக்கு இணையம் வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. இரவு எட்டு மணிக்கு அத்தனை பேரும் பேசும்போது தாமதம் இத்தனை மில்லி நொடிக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். வீட்டாரோடு பேசும் பேச்சையும் அந்தப் பட்டியலில் சேர்க்க விடுதி நடத்துபவர்களுக்குப் பெரிய செலவில்லை. கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அங்கே தங்கியிருப்பவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.