அன்பின் உழைப்புக்குக் கணக்கு உண்டா?

கனடாவின் மேற்கே, மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா ஆகிய மாகாணங்களில் விரிந்து கிடக்கும் சமவெளி கோதுமைக்குப் பேர்போனது. அங்கே பண்ணை வேறு, குடும்பம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது அரிது. வீட்டில் இருப்பவர்களே வேலையாட்கள். சுழியத்துக்குக் கீழே 30 பாகை குளிரிலும் மாடுகளுக்குத் தீவனம் வைத்தாக வேண்டும். கோடை குறுகியது, அதற்குள் தோட்டத்துக் காய்களைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும். அறுவடை நாட்களில் கணவன் இயந்திரத்தை ஓட்ட, மனைவி தானிய லாரியை ஓட்டுவாள். வயலுக்கு உணவும் கொண்டு செல்வாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வேலை காத்திருக்கும். இவற்றுக்கெல்லாம் கூலி என்று எதுவும் இல்லை. அன்பே கூலி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி எழுகிறது. அன்பினால் செய்யும் உழைப்புக்குக் கணக்கு உண்டா?

கணக்குப் பார்த்தால் அன்பு ஏது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. இத்தனை வேளை சமைத்தேன், இத்தனை இரவு விழித்தேன் என்று ஏடு வைத்துக்கொள்ளும் இல்லம் இல்லமாக இராது, கடையாகிவிடும். ஆனால் இந்த நல்ல சொல்லை யார் சொல்கிறார்கள் என்பதையும் கவனித்தாக வேண்டும். கொடுப்பவர் சொன்னால் அது தியாகம். பெறுபவர் சொன்னாலோ?

ஆல்பர்ட்டாவில் ஐரீன் மர்டோக் என்ற பெண்மணி கணவருடன் சேர்ந்து கால்நடைப் பண்ணையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்தார். வைக்கோல் சேர்த்தார், டிராக்டர் ஓட்டினார், மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார், சூட்டுக்குறி இட்டார். ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் கணவர் வெளிவேலைக்குச் சென்றுவிட, பண்ணையைத் தாமே நடத்தினார். மணவாழ்வு முறிந்தபோது சொத்தில் பங்கு கேட்டார். அவர் செய்தது பண்ணை மனைவி எவரும் செய்யும் வேலையே என்று கீழ் நீதிமன்றம் கருதியது. 1973-இல் கனடா உச்ச நீதிமன்றமும் அவருக்குப் பங்கு இல்லை என்றே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் போரா லாஸ்கின் ஒருவரே மாறுபட்டார்.

எல்லாரும் செய்வது என்பதனால் ஓர் உழைப்பு உழைப்பு அன்று என்றாகிவிடுமா? தீர்ப்பைக் கேட்டு நாடெங்கும் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். 1978-இல் சஸ்காட்செவன் பண்ணை மனைவியான ஹெலன் ராத்வெல்லுக்கு அதே உச்ச நீதிமன்றம் பாதிப் பங்கு வழங்கியது. அதே ஆண்டில் ஆல்பர்ட்டா தம்பதியர் சொத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் முறிந்துபோன இல்லங்களுக்கே அந்த வாசல் பெரிதும் பயன்படும். முறியாத இல்லங்களின் நிலை என்ன? தந்தையோடு இருபது ஆண்டுகள் உழுத மகனுக்கு நிலம் யாருடையதாகும் என்று தெரியாது. பாலைக் கறந்தும் கோழிகளை வளர்த்தும் உதவிய மகளிடம் ஒரு சொல்லும் கேட்கப்படுவதில்லை. 2021-ஆம் ஆண்டின் கனடா வேளாண் கணக்கெடுப்பில், வாரிசுத் திட்டம் உண்டு என்று தெரிவித்த பண்ணைகள் நூற்றுக்கு 12 மட்டுமே. பண்ணை நடத்துவோரின் சராசரி வயதோ 56. பேசத் தயங்கும் குடும்பங்கள் எத்தனை! பேசினால் ஆசை வெளிப்படும், பாசம் குறையும் என்ற அச்சமும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணமாகலாம். ஆனால் பேசாதிருப்பதால் வளர்வது பாசம் அன்று, மனக்கசப்பே.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுதான் எனத் தோன்றுகிறது. கணக்குப் பாராதிருப்பது கொடுப்பவரின் பெருமை. கணக்கை மறவாதிருப்பது பெறுபவரின் கடமை. இரண்டையும் ஒருவர் தலையிலேயே சுமத்துவது அநீதி. கொடுப்பவரே கேட்டு வாங்கும் நிலை வந்துவிட்டால், பெற்றவர் ஏற்கெனவே தவறிவிட்டார் என்பதே பொருள்.

அந்தச் சமவெளியில் மட்டுமா இந்தக் கடன் தீராமல் நிற்கிறது? நம் உணவையும் உடையையும் உறக்கத்தையும் தாங்கி நிற்கும் கரங்களை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்குமுன் நாமே சொல்வோம். சொல்வதோடு நில்லாமல், உரியதை எழுதியும் வைப்போம்.