சும்மா பேசுதல்

பயனற்ற பேச்சு குற்றமா என்பது தமிழில் பழைய கேள்வி. சொல்லில் தோன்றும் தீவினைகளை மணிமேகலை நான்காக எண்ணுகிறது: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல். அது பௌத்தக் காப்பியம். எண்ணிக்கையும் பௌத்த மரபினது. பாளியில் நான்காவதற்குச் சம்பப்பலாப என்று பெயர். பஞ்சசீலத்தில் பொய்க்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆனால் இலங்கைப் பௌத்தர்கள் எடுத்துக்கொள்ளும் ஆஜீவ அட்டமக சீலத்தில் இந்த நான்குமே விலக்கப்படுகின்றன. வெறும் பேச்சு பொய்க்குப் பக்கத்தில் வைத்து எண்ணப்படுவது முதற் பார்வைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றும்.

திருக்குறளின் 20ஆம் அதிகாரம் பயனில சொல்லாமை. அதற்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் இதே நான்கையும் எடுத்துக்கொள்கிறார். பொய்யை முற்றாக விடுவது துறந்தவர்க்கே கூடும் என்று அதை ஒதுக்கிவிடுகிறார். கடுஞ்சொல் இனியவை கூறலாலும் குறளை புறங்கூறாமையாலும் விலக்கப்பட்டன, மிஞ்சிய பயனில்சொல் இங்கே விலக்கப்படுகிறது என்று கணக்கை முடிக்கிறார். பயன் என்றால் என்ன என்பதற்கும் அவரே அளவு தருகிறார். தமக்கும் பிறர்க்கும் அறம், பொருள், இன்பம் என்ற மூன்றில் ஒன்றைக்கூடத் தராத சொல்தான் பயனில்சொல். இன்பம் அந்தப் பட்டியலில் இருப்பதால் வாசல் பெரிதாகிவிடுகிறது. கேட்டவரைச் சிரிக்கவைத்த பகடி பயனுள்ள சொல்லாகிறது; யாரையும் அசைக்காத நீண்ட தத்துவப் பேச்சு ஒருவேளை பயனில்சொல்லாகிறது.

புத்தர் இந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. அபயராஜகுமார சூத்திரத்தில், கேட்பவருக்கு இனிப்பதாக இருந்தாலும் உண்மையோ நன்மையோ இல்லாத சொல்லைத் ததாகதர் சொல்வதில்லை என்று வருகிறது. துறவிகள் தவிர்க்கவேண்டிய பேச்சுக்கு விலங்குப் பேச்சு என்றே பெயர். அரசர், கள்வர், படை, சோறு, உடை, ஊர், உறவினர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதைப் படிப்பவருக்கு ஒரு தேநீர்க் கடையின் காலைப் பொழுது முழுவதும் அதில் அடங்கியிருப்பது தெரியும். ஆயினும் அதே சூத்திரங்களில் புத்தரைக் காண வருபவர் எடுத்த எடுப்பிலேயே கேள்வி கேட்பதில்லை. முகமன் கூறி, நலம் பேசி முடித்த பிறகே ஒருபுறமாக அமர்கிறார். இந்த வாய்பாடு சூத்திரத்துக்குச் சூத்திரம் திரும்ப வருகிறது. என்ன நலம் பேசினார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதத்தக்கதாக அது எண்ணப்படவில்லை, ஆனால் அது நடந்தது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

எழுதப்படாத அந்தப் பேச்சுக்குத் தனி இடம் கொடுத்தவர் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி. திரோபிரியாந்து தீவுகளில் வாழ்ந்த அனுபவத்தைக் கொண்டு அவர் 1923இல் எழுதிய கட்டுரை, செய்தி எதையும் கடத்தாமல் உறவை மட்டும் கட்டும் பேச்சு ஒன்று உண்டு என்று வாதிட்டது. அதைக் காண அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இலங்கையில் சிங்கராஜ வனத்துக்கு வடக்கே கலவானயைச் சுற்றிய தேயிலை, இறப்பர் தோட்டங்களில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நிற்பவரிடம் “தண்ணிக்கா வந்தீங்க?” என்று கேட்பது வழக்கம். குடம் தெரிகிறது, தண்ணீரும் தெரிகிறது. பஸாரில் சிங்களத்தில் “கொஹெத யன்னே?” என்று கேட்பதும் அப்படித்தான், போகும் இடத்தை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. தமிழில் இதற்கு விடை “சும்மா” என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் இரண்டு எல்லைகளும் இருக்கின்றன. சும்மா பேசினோம் என்றால் வெறும் பேச்சு. சும்மா இருத்தல் என்றால், சைவ ஞானியர் வழக்கில், சொல் முழுதும் ஓய்ந்த மோனநிலை.

மென்பொருள் பொறியியலாளர்களின் இன்றைய பீலிக்கரை மஸ்டொடன் போன்ற பரவலாக்கப்பட்ட வலையமைப்பு. 2016இல் தொடங்கிய இதற்கு ஒரே உரிமையாளரோ ஒரே சேர்வரோ கிடையாது. தனித்தனி ஆட்கள் நடத்தும் பல்லாயிரம் சேர்வர்கள், 2018இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையால் ஒன்றோடொன்று பேசுகின்றன. திறந்த மென்பொருள்காரர்களுக்கு ஃபாஸ்டொடன், தொழில்நுட்பத் துறையினருக்கு ஹேக்கிடெர்ம் என்று தொழில்வாரியான சேர்வர்களும் உண்டு. அங்கே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி பழைய அளவுகோலுக்குத் தேறாது. காலை வணக்கம், கோப்பியின் படம், விசைப்பலகையில் ஏறிப் படுத்த பூனை, வெள்ளிக்கிழமை மாலை மென்பொருளைப் புதுப்பிக்கலாமா என்ற தீராத வழக்கு, நள்ளிரவு மூன்று மணிக்கு எச்சரிக்கை மணி எழுப்பிவிட்ட புலம்பல்.

இதைக் குற்றம் என்று தள்ளுவதற்கு முன் பயனில சொல்லாமை அதிகாரத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வள்ளுவர் தொடக்கத்திலேயே பலர் வெறுக்கும்படி பயனில பேசுபவனைப் பழிக்கிறார். சில குறள் தள்ளி, பலர் நடுவே சொல்லப்படும் பயனில்சொல் மனிதனை நன்மையிலிருந்து நீக்கும் என்கிறார். இரண்டிடத்திலும் ‘பல்லார்’ என்ற சொல் நிற்கிறது. அப்படியானால் குற்றத்தின் எடை சொல்லின் வெறுமையில் மட்டும் இல்லை, கேட்போர் தொகையிலும் இருக்கிறது. பீலிக்கரையில் இருவருக்குள் ஓடிய பேச்சை, தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டால் அது வேறு செயல். மையப்படுத்திய தளங்கள் செய்வது இதைத்தான்: நான்கு நண்பர்களுக்காகச் சொன்ன வெறும் சொல்லை, நெறிநிரல் ஒன்று பொறுக்கியெடுத்து லட்சம் பேர்முன் வைக்கிறது. மஸ்டொடனில் ஒருவர் தாம் பின்தொடரும் ஆட்களின் பதிவுகள் கால வரிசையில் வருகின்றன; ஒரே சேர்வர்க்காரர்கள் எழுதுவதைக் காண உள்ளூர் வரிசை ஒன்று தனியே உண்டு. 500 எழுத்துக்கு மேற்படாத ஒரு முனகல், அதைப் பொறுக்கக்கூடியவர்களின் காதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவையின் அளவைச் சொல்லின் அளவோடு பொருத்தும் இந்த ஏற்பாடு அறநூல்காரருக்கும் பிடித்திருக்கக்கூடும்.

வெறும் பேச்சு இல்லாத இடத்தில் கொள்கைப் பேச்சும் வேரூன்றுவதில்லை. 2019 நவம்பரில், உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து இந்தியர் பலர் மஸ்டொடனுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் விரைவிலேயே திரும்பிவிட்டார்கள். வந்த காரணம் நியாயமானதுதான். ஆனால் சாப்பிட்டாச்சா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பயனில்சொல்லுக்கு எதிரான வலுவான வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. வெறும் பேச்சு மற்ற மூன்று தீவினைகளுக்கும் வாய்க்கால் வெட்டுகிறது. 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக எழுந்த வன்முறையின்போது பொய்யும் குறளையும் கடுஞ்சொல்லும் ஓடியது, அதற்கு முன்தினம்வரை காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடிய அதே வழியில். அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. பொய்யை நிறுத்த நலம் விசாரிப்பையும் சேர்த்தே நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு மே மாத இறுதியில் வெள்ளமும் மண்சரிவும் கலவானப் பகுதியைத் தாக்கியபோது நிலைமை நேர்மாறு. “இருக்கீங்களா?” என்ற கேள்வி அன்றைக்குச் சம்பிரதாயம் அல்ல, செய்தி. தினமும் பதில் வரும் ஆளிடமிருந்து அன்று பதில் வராவிட்டால் அதுவும் செய்தி. அன்றாடம் சும்மா பேசிக்கொள்ளாதவர்களுக்கிடையே அந்தக் கேள்வியும் எழாது, அந்த மௌனமும் எதையும் உணர்த்தாது.

வாய்க்காலைக் காவல் காப்பது யார் என்பது அடுத்த கேள்வி. மஸ்டொடனில் ஒவ்வொரு சேர்வருக்கும் அதன் விதிகளும் மேற்பார்வையாளரும் உண்டு. வெறுப்பை விதைக்கும் இன்னொரு சேர்வரோடு அவர்கள் தொடர்பை அறுத்துவிடலாம். தேசம் முழுவதையும் முடக்குவதைவிட இது சிறிய கத்தி. ஆனால் காவலுக்குக் கேட்கும் காது வேண்டும். ஃபாஸ்டொடன் ஆங்கிலத்தில் மட்டும் எழுதும்படி விதி வைத்திருந்தது; மேற்பார்வையாளர்களுக்குப் புரியாததை அவர்களால் கண்காணிக்க இயலாது என்பது காரணம். காரணம் நேர்மையானது, விளைவு கசப்பானது: தமிழில் ஒரு சும்மாப் பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. உழைப்பும் சிறிதல்ல. கிரிஸ் நோவா தொடங்கிய ஹேக்கிடெர்ம், 2022 நவம்பரில் டுவிட்டரை விட்டு வந்த கூட்டத்தால் சில நூறு பேரிலிருந்து 30,000 பேருக்கு வளர்ந்தது. அவர் வீட்டு நிலவறையில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் தாங்கவில்லை. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த வலையமைப்பில் ஒருவரின் முகவரி தோட்டத்து முகவரியைப் போன்றது: பெயருக்குப் பின்னால் சேர்வரின் பெயர். துண்டு என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாத முறை இலங்கையில் 1921இல் ஒழிந்தது. மையத் தளங்கள் ஒருவகையில் இன்னும் துண்டுக் காலத்தில் இருக்கின்றன. அங்கிருந்து போகிறவர் நட்பு வட்டத்தை விட்டுவிட்டே போக வேண்டும். மஸ்டொடனில் சேர்வர் மாறுபவரோடு பின்தொடர்வோர் கூடவே வருகிறார்கள். பழைய பேச்சு வருவதில்லை.

பீலியில் பேசியது தண்ணீரோடு போய்விடும். எழுத்தில் பேசியது தங்கும். வாய்ப்பேச்சுக்காகச் சொல்லப்பட்ட அறம் இங்கே இடறுகிறது. அதை உணர்ந்தோ என்னவோ, குறித்த காலம் கழிந்ததும் பதிவுகள் தாமே அழியும் ஏற்பாட்டை மஸ்டொடன் வைத்திருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அழிக்கும்போது அந்தச் செய்தி மற்றச் சேர்வர்களுக்கும் போகிறது. அவை அதற்கு இணங்குவது வழக்கம், கட்டாயம் இல்லை.