மரண நகரத்தில் சங்கீதம்

ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கும் உலகத்தைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், அதைப் படைத்தவனையே நொந்துகொண்டதைப் புறநானூற்றில் படிக்கிறோம். சாவீட்டுக்கு அருகே முழவு கொட்டியவர்கள் செய்தது தகுமா என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கதவடைத்திருந்த இத்தாலிய நகரங்களில் மக்கள் மாலைதோறும் உப்பரிகைகளில் நின்று பாடியும் வாத்தியங்களை வாசித்தும் ஒருவருக்கொருவர் தைரியமூட்டிக்கொண்டிருக்க, வடபகுதியிலுள்ள பெர்காமோ நகரத்திலிருந்து, எரியூட்ட இடமின்றித் தேங்கிய சவப்பெட்டிகளை 18-ஆம் தேதி இரவு இராணுவ வாகனங்கள் வேற்றூர்களுக்குச் சுமந்து சென்றன. ஈமச் சடங்குகளை அரசாங்கமே நிறுத்தி வைத்திருந்தது. அத்தகைய நாளில் பாட்டு எதற்கு என்று ஒருவர் சினந்தால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது; உப்பரிகைப் பாட்டில் ஒரு பங்கு வெறும் பொழுதுபோக்கே என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் மணவீட்டார் சாவீட்டுக்கு அயலார். பெர்காமோவிலோ அயலார் என்று ஒருவருமில்லை. அந்நகரத்து மருத்துவமனைச் சுவரில் ஃப்ராங்கோ ரிவொல்லி என்ற ஓவியரின் சித்திரமொன்று பெரிதாக விளங்கிற்று: முகக்கவசம் அணிந்த, சிறகுடைய செவிலி ஒருத்தி, தேசக்கொடியில் சுற்றிய இத்தாலியைக் கைக்குழந்தையாக ஏந்தி நிற்கிறாள். தேவமாதாவின் கரங்களில் குழந்தையைக் கண்டு பழகிய ஜனங்களுக்கு அதன் பொருளை எந்தப் பண்டிதரும் விளக்க வேண்டியிருந்திராது. பூசைக்குக் கூட முடியாமற்போன காலத்தில், வழிபடு சித்திரம் மருத்துவமனைச் சுவரில் வந்து அமர்ந்தது என்றே நான் கொள்கிறேன்.

ஜூன் 28-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் மாத்தரெல்லா முன்னிலையில், நகரத்து மயானத்தில் டொனிசெட்டியின் மரித்தோர் பூசை இசை நிகழ்த்தப்பட்டது. 1797-இல் அவ்வூரிலேயே பிறந்த அந்த மேதை, 1835-இல் பெல்லினி என்ற சக இசைஞர் அகால மரணமடைந்தபோது அவருக்காக இயற்றத் தொடங்கி, முற்றுப்பெறாமலே விட்டுச்சென்றது அது. முறையாக வழியனுப்பப்படாத ஆயிரக்கணக்கானோருக்குச் செய்யும் நீத்தார் கடனும், காலந்தாழ்ந்து, குறையுடனேதானே நடக்க முடியும்?

அக்கடன் மாண்டவரின் ஆன்மாவைச் சென்று சேருமா என்பதை வேதசாஸ்திரிகள் தீர்க்கட்டும். இருப்பவன் செலுத்தியே தீரவேண்டிய கடன் என்ற அளவில், குருவும் உற்றாரும் கூடிச் செய்ய இயலாதபோது இசையும் சித்திரமும் அதைச் செலுத்தும் தகுதியுடையவை. அப்போது பாடாமலிருப்பதே இறந்தோரைக் கைவிடுவதாகும். பாடுகிறவன் மட்டும் மரணத்துக்குப் புறம்பே பத்திரமாக நிற்பதாக எண்ணுவதும் பிழை. பெர்காமோவின் ரோபி ஃபக்கினெத்தி இசையமைக்க, ஸ்தெஃபானோ தோராட்ஸியோ எழுதி, அந்த மருத்துவமனைக்கு நிதி சேர்ப்பதற்காக மார்ச் மாதத்திலேயே வெளிவந்த ஒரு பாடல் மீண்டும் பிறப்பதைப் பற்றியது. அதை எழுதிய தோராட்ஸியோ அவ்வாண்டு நவம்பரில் அதே நோய்க்கு இரையானார்.